ஒரு இளநீரின் விலை

மே 12

எண் போட்டு எழுதினால் நிதானம் வரலாம்.

1. வங்கிக் கணக்கு ஏன் முடங்கியது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.
2. மனைவி அமீனாவிடம் இப்போதைக்குச் சொல்லக் கூடாது.
3. கடை வாசலில் இளநீர் விற்கும் உண்ணாமலையும் என் கியூஆர் அட்டையைத்தான் நம்பியிருக்கிறாள். அவளால் தனியாக அதெல்லாம் வைத்துக்கொள்ள முடியாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் வழி தேட வேண்டும்.

காலையில் சேலம் மொத்தக் கடைக்கு, நோட்டுப் புத்தகங்களுக்கான பணத்தை அனுப்பினேன். போகவில்லை. மறுபடியும் அனுப்பினேன். போகவில்லை. வங்கியில் ரஞ்சனி கணினியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "சார், உங்க கணக்கை முடக்கச் சொல்லி சைபர் கிரைம்ல இருந்து வந்திருக்குங்க."

என்னையா? காலமெல்லாம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனையா?

ஜூனில் பள்ளி திறக்கும்போது விற்கும் நோட்டுகள்தான் இந்த ஜெராக்ஸ் கடைக்கு வருடம் முழுவதும் சோறு. அவற்றை வாங்க வைத்திருந்த பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது.

மே 13

நானே ஏதாவது தவறாக அழுத்தியிருப்பேனோ?

மே 15

காரணம் தெரிந்தது. ஐம்பது ரூபாய்.

வடக்கே யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் பல கணக்குகள் தாண்டி, அதில் ஐம்பது மட்டும் என்னிடம் வந்திருக்கிறது. ஒரு இளநீரின் விலை. குடித்தவர்கள் என் அட்டைக்குப் பணம் அனுப்புவார்கள். மாலையில் அதை நான் உண்ணாமலைக்கு ரொக்கமாகக் கொடுப்பேன். இரண்டு வருடமாக இப்படித்தான். இது குற்றமாகும் என்று யார் நினைத்தது?

புகார் பதிவான ஊர்க் காவல் நிலையத்துக்கு விளக்கம் எழுதச் சொன்னார் ரஞ்சனி. பலமுறை திருத்திய பிறகே அனுப்பினேன். அப்போதும் சந்தேகம்தான்.

மே 16

உண்ணாமலையிடம் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவளோ அரிவாளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க பாய், எளநி குடிக்கறவன் திருடனான்னு மூஞ்சியப் பாத்தாத் தெரியுமுங்களா?"

அட்டையை எடுத்து மேசைக்குள் போட்டுவிட்டேன்.

மே 17

உண்ணாமலையின் இளநீர் வண்டி வரவில்லை. என்னால்தான்.

மே 20

வந்துவிட்டாள். இளநீர்க் குலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஒலிப்பெட்டி. "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று அது கத்தியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் கலைமணியோடு நாமக்கல் போய், நூறு நாள் வேலைக் கூலி வரும் கணக்கிலேயே தனக்கென்று கியூஆர் சேர்த்துக்கொண்டாளாம்.

என் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள், சில்லறை இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தவள் உள்ளே வந்து, தன் கியூஆர் ஸ்டிக்கர் ஒன்றை என் மேசையில் ஒட்டினாள்.

வேண்டாம், திருட்டுப் பணம் வந்தால் உன் கணக்கும் முடங்கும் என்றேன்.

"அதுல என்னங்க கெடக்குது, தெனம் எடுத்துருவேன். இத்தன நாளா நீங்க எனக்குப் பாக்கலீங்களா?"

நான் தெரியாமல் செய்தேன். இவள் தெரிந்தே செய்கிறாள்.

மே 29

ரஞ்சனி போன் செய்தார். ஐம்பது ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை விடுவித்துவிட்டார்களாம். பணம் சேலத்துக்குப் போய்விட்டது. நோட்டுகள் நாளை வரும். அமீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

என் அட்டையை மறுபடி வெளியே எடுத்தேன். உண்ணாமலையின் ஸ்டிக்கரை உரிக்க மனம் வரவில்லை, பக்கத்திலேயே வைத்தேன்.

மாலையில் வந்து என் வசூலை நீட்டினாள். "எண்ணிக்கோங்க பாய்." எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் பட்டியலில் மூன்றாவதாக எழுதியது தவறு.