செருப்பு சோல் பாட்டும் லெட்சுமியின் மெட்டியும்

சபையில் "வாங்க மாப்பிள்ளை" என்றும், தனியாக இருந்தால் "டேய்" என்றும் நான் கூப்பிட்ட என் தங்கச்சி புருஷன் ஆறுமுகத்துக்கு,

நலமா என்று கேட்கத்தான் கை வருகிறது. இது என்ன கேள்வி, நீயே சொல்லு?

உன் முதலாண்டுத் திதி வருகிறது. பேப்பரில் உன் படத்தைப் போட்டு, "அன்னாரின் ஆத்மா சாந்தியடைய" என்று நாலு வரி போடலாம் என்றார்கள். உன் ஆத்மா என்றைக்குடா சாந்தியாக இருந்தது? கையில் கரண்டி கிடைத்தால் மேசையைத் தட்டுகிற ஆள் நீ. நாலு வரிக்குள் நீ அடங்கமாட்டாய் என்று நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். தோட்டப் பள்ளியில் பாதியில் நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் அங்கிருந்தே சிரித்துக்கொள்.

தஞ்சோங் கிளிங் ஹோட்டலில் நீ பாரில் வேலை பார்த்த காலத்தில்தான் உனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. அங்கே வாசிக்க வந்த பிலிப்பினோக்காரர் ஒருவர் உனக்குக் கேசட்டுகள் கொடுத்தார். ஒருநாள் பாச்சாங்கில் உன் வீட்டு வாசலில் லோரியை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறேன், ஆர்கனும் சாக்ஸபோனும் ஒன்றையொன்று வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன.

"என்னடா இது?"

"சோல் ஜாஸ், மச்சான்."

"சோலா? செருப்புக்கு அடியில இருக்குமே, அதா?"

நீ சிரிப்பாய் என்று பார்த்தேன். கண்ணை மூடி யோசித்தாய். "அதேதான் மச்சான். காலுக்கு அடியில இருந்துதானே ஏறுது!"

சோல் என்றால் ஆத்மாவாம். பிறகு யாரோ சொன்னார்கள். நமக்கு அது கடைசிவரை செருப்பு சோல்தான், இல்லையா?

அதற்குப் பிறகுதான் அந்தக் கேசட் ஆசை வந்தது உனக்கு. பிலிப்பினோக்காரர் கொடுத்ததில் பாதி தலைவலி. சாக்ஸபோன் அழுதுகொண்டே எங்கேயோ போகும், திரும்பி வீட்டுக்கே வராது. அதையெல்லாம் தள்ளிவிட்டு, ரெம்பியா பஸ்ஸில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கும் பிடிக்கிற பாட்டாகப் பொறுக்கி ஒரே கேசட்டில் பதியணும் என்றாய். எப்படிப் பொறுக்குவது?

"உங்க கால் கட்டைவிரல்தான் ஜட்ஜு, மச்சான். அது ஆடுனா பாட்டு உள்ள. ஆடலன்னா வெளிய."

அந்தப் பதவி வந்ததும் எனக்கு என்ன திமிர்! பேஸ் கித்தார் ஏற்றத்தில் லோரிக்குக் கியர் மாற்றுவதுபோல இழுக்கும். ட்ரம்ஸ், ரப்பர்ப் பால் பிடிக்கிற மங்குகளைக் கூடையோடு கொட்டியதுபோல விழும். என் விரல் தானாகத் துடிக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடக்கி வைப்பேன். நீ தரையில் குப்புறப் படுத்து என் காலையே உற்றுப் பார்ப்பாய்.

"மச்சான், ஆடுச்சு! நான் பாத்தேன்!"

"கொசு கடிச்சிச்சுடா."

"சும்மா பொய் சொல்லாதீங்க லா!"

சமையல்கட்டிலிருந்து தங்கச்சி லெட்சுமி கத்துவாள். "ரெண்டு கிழவனுக்கும் வேற வேலை இல்ல? குடிச்சிட்டு ஆடுறவன் பாட்டு, இத வீட்டுல வேற போட்டுக்கிட்டு!" மெட்டி சத்தம் டக் டக்கென்று பின்வாசல் பக்கம் போகும். உன் முகம் கொஞ்சம் வாடும். மறுநிமிஷமே சிரித்துவிடுவாய்.

"ஒருநாள் பாருங்க மச்சான். நான் சேக்கிற மெட்டுக்கு அவ மெட்டி பேசும். அது ஒன்னு கேட்டுட்டா எனக்குப் போதும்."

ஏ சைடு முடிந்தது. நிறுத்துகிற பட்டனைச் சரியான இடத்தில் அமுக்க நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பி சைடை ஆரம்பிப்பதற்குள் ஹோட்டலில் வேலை நேரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாயாம். நான் வந்து சேரும்போது உன் கை ஜில்லென்று இருந்தது. உன்னைப் பெயர் சொல்லி அதட்டிப் பார்த்தேன். ஏன்டா எழுந்திருக்கவில்லை?

கருமக்கிரியை அன்று தங்கச்சிக்குக் கோடிச் சேலை போட்டது இந்தக் கைதான். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து மெட்டியைக் கழற்றினார்கள். விரல் வீங்கியிருந்தது, வரமாட்டேன் என்றது. சோப்பு போட்டு இழுத்தார்கள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். உன்னிடம்தானே நான் கண்ணீரை மறைக்கணும், நீயே இல்லை, அப்புறம் எதற்கு மறைத்தேன் என்று தெரியவில்லை.

அப்புறம் என் சேதி. சிரிக்காதே. இனிப்புநீர் வியாதி, அதான் சர்க்கரை, முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் என் வலதுகால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். ஜட்ஜைக் கழட்டிட்டாங்க, மாப்பிள்ளை! டாக்டர் "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார். "இனிமே பாட்டு யார் பொறுக்குறது?" என்றேன். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று நினைத்திருப்பார்.

புண் ஆறும்வரை லெட்சுமி என்னைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். கேசட் போடுகிற உன் ரேடியோ அதே இடத்தில் இருந்தது. திறந்தால் நம் கேசட் உள்ளேயே இருக்கிறது. அதன் பெட்டியை மட்டும் காணோம். நொண்டிக்கொண்டே வீடெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை.

போன வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கேசட்டைத் தட்டிவிட்டேன்.

"அண்ணே, நிறுத்துங்க."

"என் கட்டைவிரல் ஜட்ஜு செத்துப்போயிட்டாரு தங்கச்சி. பி சைடு அப்படியே கெடக்கு. நீதான் இனிமே ஆக்டிங் ஜட்ஜு."

"எனக்கு இந்தச் சனியன் ஒன்னும் புரியாது."

"புரிய வேணாம். வீட்டுச் செருப்பக் கழட்டிட்டு காலத் தரையில வையி, போதும்."

என்னை முறைத்தாள். எழுந்து போவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. செருப்பை மட்டும் உதறிவிட்டாள். முதல் பாட்டு போனது. அடுத்ததும் போனது. பிறகு அந்த ஆர்கன் பாட்டு வந்தது, நான் ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்துத் தோற்றுப்போனேனே, அதேதான். அவள் கை கீரையில் இருந்தது. கால் விரல், மெட்டி இருந்த இடத்தில் வெளுத்த தடம் இருக்கிற அந்த விரல், தரையைத் தட்டியது. மறுபடி தட்டியது.

சத்தமே வரவில்லை, மாப்பிள்ளை. வெறும் தோல், வெறும் சிமெண்ட்டு.

அவளும் தன் காலைப் பார்த்துவிட்டாள். "ஆடுச்சு, நான் பாத்தேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கிண்டல் வரவில்லை.

கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். சாமி அலமாரியில் கையை விட்டு, நான் தேடிய கேசட் பெட்டியை எடுத்து வந்தாள். உள்ளே அவள் மெட்டிகள்.

"எங்க வைக்கிறதுன்னு தெரியலண்ணே. அவரு கைபட்ட பெட்டிதானேன்னு இதுல போட்டு வச்சேன்."

அதை அப்படியே ரேடியோ தலையில் வைத்தாள். சத்தத்தையும் அவளே கூட்டினாள். பேஸ் கித்தார் இழுக்க இழுக்க ரேடியோ அதிர்ந்தது. பெட்டிக்குள் மெட்டிகள் கிணிகிணியென்று பேச ஆரம்பித்தன. ட்ரம்ஸ் விழுகிற இடமெல்லாம் கூடவே விழுந்தன.

"அண்ணே, அவருக்குக் கேக்குமா?" என்றாள் லெட்சுமி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

உனக்குக் கேட்டதா? நீ கேட்க நினைத்தது அது ஒன்றுதானே?

சரி, கேள். ரெம்பியாவில் என் வீட்டிலிருக்கிற பழைய ரேடியோவைக் கொண்டுவந்து உன் ரேடியோவுக்கு எதிரே வைக்கப்போகிறேன். பாட்டை ஜட்ஜம்மா பொறுக்குவாள். உன் ரேடியோ பாடும், அதன் தலையில் அந்தப் பெட்டி இருக்கும், என்னுடையது பதியும். பி சைடு முழுக்க உன் மெட்டோடு அவள் மெட்டியும் இருக்கும், இது என் வாக்கு. நடுவில் யாராவது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டால், அது கொசு கடித்தது என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் ஒன்பது விரல் மச்சான்,
காளிமுத்து