வாய்க்காலில் தண்ணீர் இல்லை, அத்தை

சண்டை போட ஆளில்லாமல் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போன என் அன்பு அத்தைக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் மனசுக்குள்ளேயேதான் உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். அடுப்படியில், பஸ்ஸில், கம்பெனி லேபில் எங்கே நின்றாலும் பேச்சுத்தான். இன்றைக்குச் சொல்ல வேண்டியது மனசுக்குள் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்று சாக்குச் சொல்லாதீர்கள். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கேயும் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டுதானே இருப்பீர்கள்!

முதலில் வீட்டுச் சேதி. உங்கள் சிவப்பி கன்று போட்டுவிட்டாள், கிடாரிக் கன்று. உங்கள் பேத்தி இனியா பிளஸ் ஒன் போகிறாள். உங்களைவிட உயரம், உங்களைவிட வாய். உங்கள் மகன் சமையல் பழகுகிறார். போன வாரம் ரசம் வைத்தார். குடித்தோம். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் மூடிகள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. கம்பெனியில் கழித்துப் போடுகிற மூடிகளை நான் கேட்டு வாங்கி வந்தால், நீங்கள் விடுவீர்களா? எண்ணெய்ப் பாட்டில், தேன் பாட்டில், மாட்டு மருந்துப் பாட்டில், எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்த்து, சேராததை நூல் சுற்றிச் சேர வைத்தீர்கள். எலப்புள்ளியில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எம் மருமக கஞ்சிக்கோட்டுல மூடிக் கம்பெனியில பெரிய ஆபீசருங்க" என்று சொல்லி என் மானத்தை வாங்கினீர்கள். அப்போது நான் மூடி எண்ணுகிற வேலையில் இருந்தேன்.

இப்போது நிஜமாகவே ஆபீசராக வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், அத்தை. மும்பைப் பக்கம் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு பெரிய ஆலை இருக்கிறது. அங்கே மூடியைச் சோதிக்கிற பிரிவு முழுவதையும் என் பொறுப்பில் விடுகிறார்களாம். சம்பளம் இப்போது வாங்குவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. மேனேஜர் சொன்னபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்து, பாத்ரூமில் நின்று சிரித்தேன், பிறகு அழுதேன்.

அழுததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே வாடகை கேட்டால் மயக்கம் வருகிறது. ஒரு அறையும் ஒரு அடுப்படியும் மட்டும், அதற்கே சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். தண்ணீருக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு, வந்துபோக ரயிலுக்குக் காசு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது இங்கே மிஞ்சுவதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். உங்கள் மகனால் வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு வர முடியாது. இனியாவைப் படிப்பு நடுவில் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. போனால் நான் ஒருத்திதான் போக வேண்டும்.

அப்படியென்றால் எதற்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்கு ஆசையாக இருக்கிறது, அத்தை. வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. எல்லாரிடமும் இனியா படிப்புக்கு என்றுதான் சொன்னேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட மூன்று பேர் எனக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தடவையாவது நான் சொல்கிற மூடி நிற்க வேண்டும், நான் வேண்டாம் என்கிற மூடி போக வேண்டும். இது தப்பா?

வீட்டில் சொன்னேன். அவ்வளவுதான், எல்லாரும் உங்களைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அண்ணி என்று கூப்பிட வராமல் இன்னும் என்னை நங்கையா என்றே கூப்பிடுகிற உங்கள் மகள் சாந்தி போனிலேயே குதித்தாள். "நங்கையா, எங்கம்மா இருந்திருந்தா நீங்க கெளம்பற அன்னிக்கு வாசப்படியில குறுக்க படுத்திருப்பாங்க. வயசுக்கு வந்த புள்ளைய உட்டுப்போட்டு அத்தன தூரமா?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கம்மா படுத்திருப்பாங்க, சரி. அப்பறம் பசிக்குதுன்னு அவங்களே எந்திரிச்சு எனக்குச் சோறு கட்டிக் குடுத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பிறகு நானே கூப்பிட்டுச் சமாதானம் பேசினேன். அவளும் பயத்தில்தானே பேசுகிறாள். உங்களை வாரிக் கொடுத்த வருஷத்திலேயே வீட்டில் இன்னொரு இடம் காலியாவது யாருக்குப் பிடிக்கும்?

இனியா மட்டும் பெரிய மனுஷி மாதிரி, "போம்மா, ஆனா வைஃபை போட்டுக் குடுத்துட்டுப் போ" என்றாள். அப்புறம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி, "மாசம் ஒருக்கா வருவியா?" என்று கேட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் லீவு கிடைக்கும் என்றேன். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டாள்.

உங்கள் மகனைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு வாரம் ஒரு வார்த்தை இல்லை. வயலுக்குப் போனார், பால் கறந்தார், சாப்பிட்டார். "ஏனுங்க மாமா, ஏதாச்சும் சொல்லுங்க" என்று கேட்டால், "பாக்கலாம்" என்பார். எதைப் பார்ப்பது? கடைசியில் போன வியாழக்கிழமை, மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டே, "நாளைக்கு அம்மன் கோயில்ல பூக் கேட்டுரலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூக் கேட்பது என்றால் எனக்கும் உங்களுக்கும் மட்டும் வேறு ஒன்று நினைவுக்கு வருமே!

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. இனியாவுக்கு அப்போது இரண்டு வயது, மாமனாரும் உயிரோடு இருந்தார். நான் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நம்மூட்டுப் பொம்பள கம்பெனிக்கா?" என்று ஒரே பிடி. உங்கள் மகன் அப்போதும் இதே ஊமைதான். நீங்கள்தான், "நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம், அம்மன் சொல்லட்டும்" என்று எழுந்தீர்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக வாழையிலைத் துண்டில் நீங்களே கட்டினீர்கள். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டி, இனியாவை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது. மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை நான் பஸ் ஏறினேன்.

அதற்குப் பல வருஷம் கழித்து, ஒருநாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே என்னிடம் சொன்னீர்கள். "ரெண்டும் வெள்ளதான் கண்ணு. இன்னொரு பொட்டலத்த மடியில வெச்சுட்டு வந்து வாய்க்கால்ல உட்டுட்டேன்." எனக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. சாமி கோவித்துக்கொள்ளாதா என்று கேட்டேன். "அவளும் பொம்பளதான, புரிஞ்சுக்குவா. நீ காயப் பாரு, புழு இருக்குது" என்றீர்கள். அன்றைக்கே அந்த விஷயம் நமக்குள் முடிந்துபோனது.

அதனால்தான் வெள்ளிக்கிழமை நான் பூவைத் தொடவே இல்லை. என் கை போனால் எதைக் கட்டும் என்று எனக்கே தெரியவில்லை, அத்தை. உங்கள் மகனே பூப் பறித்தார். திரும்பி நின்று அவரே கட்டினார். சாந்தியும் வந்திருந்தாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் எடுத்த அதே கைதான் இப்போதும் எடுத்தது, இப்போது அந்தக் கையில் வாட்ச் இருந்தது. பிரித்தால், வெள்ளை.

சாந்தி குங்குமம் எடுத்து எனக்கு வைத்துவிட்டாள். உங்கள் மகன், "ம்" என்று சொல்லி, மிச்சப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். சிவப்பு வந்துவிடாதா என்று உள்ளுக்குள் பாதி மனசு வேண்டிக்கொண்டிருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன். வந்திருந்தால் பழியை அம்மன் மேல் போட்டுவிட்டு இங்கேயே இருந்திருப்பேன். ஆயுசுக்கும் குறைசொல்ல ஒரு காரணமும் கிடைத்திருக்கும்.

மறுநாள் காலையில் துணி ஊற வைக்கும்போது வழக்கம்போல அவர் சட்டைப் பையில் கையை விட்டேன். அந்தப் பொட்டலம் இருந்தது. வாடிப்போன இலை. பிரித்தேன்.

அதுவும் வெள்ளை, அத்தை.

ஈரக் கையோடு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். "என்னுங்க மாமா இது?" என்று நீட்டினேன். அவர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கன்றுக்குட்டியைப் பார்த்தார். "வாய்க்கால்ல உட்டிருக்கோணும். தண்ணி இல்ல. இந்த வருஷம் இன்னும் தொறக்கவே இல்லியே, எங்க போடறது?" என்றார்.

வாய்க்கால் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முன்னால் போய் நின்றேன். "வாய்க்கால்ல போடோணும்னு உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"ஆரும் சொல்லல. அன்னிக்கு நாங் கோயிலுக்கு வரலியே, கீழ மட திருப்பீட்டு இருந்தேன். ஒரு பொட்டலம் மெதந்து வந்து மடையில சிக்குச்சு. பிரிச்சுப் பாத்தேன், வெள்ள அரளி. ஊட்டுக்கு வந்தா, அம்மன் வெள்ளப் பூக் குடுத்துட்டாள்னு அம்மா சொல்லீட்டு இருந்தாங்க. சரின்னு உட்டுட்டேன்."

பதினான்கு வருஷம், அத்தை! நீங்களும் நானும் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவரோ, தனக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரியக்கூடாது என்று இருந்திருக்கிறார். அவர் மடையில் நின்றது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் விட்டீர்களா? இதைக் கேட்க உங்களை எங்கே போய்த் தேடுவேன்?

எனக்கு அப்போது வந்தது கோபம்தான். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "ஒரு வாரமா உசிரை எடுத்தீங்களே, வாயில சொன்னா என்னவாம்? முத்து உதுந்துருமா?"

அவர் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "போன்னு சொன்னா தொரத்தறாப்பல இருக்குது. போகாதேன்னு சொன்னா, நீ இருந்துக்குவ. அது எனக்குத் தெரியும். அதான் சொல்லல." கன்றை அவிழ்த்து விட்டுக்கொண்டே, "நீ இல்லாம எனக்கு இந்த ஊடே புடிக்காது வசந்தி. ஆனா நீ அந்த மூடியப் பத்திப் பேசறப்ப உம் மூஞ்சி வேறயா இருக்குது" என்றார்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான். நான் கொட்டகையிலேயே அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாணிப் புகை என்றார். புகையே இல்லை.

போகிறேன், அத்தை. அடுத்த மாதம் முதல் வாரம் சேரச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் இரண்டு வருஷம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். சாந்தி சனிக்கிழமைதோறும் வந்து இரண்டு நாள் இருப்பதாகச் சொல்லிவிட்டாள், நான் கேட்கக்கூட இல்லை. இனியா என் பெட்டியில் வைக்கச் சொல்லி, உங்கள் நூல் சுற்றிய மூடி போட்ட ஊறுகாய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். சோதித்துப் பார்த்தேன். கவிழ்த்துப் பிடித்தால் ஒழுகுகிறது. என் கம்பெனியில் இதை நான் பாஸ் பண்ண மாட்டேன். ஆனாலும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

அந்த இரண்டாவது பூவை உங்கள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது. உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கலாம், அவர் எதைத்தான் சொல்கிறார்?

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். கோவித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கட்டிய பூவால்தான் நான் முதல் தடவை பஸ் ஏறினேன், உங்கள் மகன் கட்டிய பூவால்தான் இப்போது ரயில் ஏறப்போகிறேன். இரண்டையும் மறக்க மாட்டேன். ஆனால் நாளைக்கு உங்கள் பேத்தி எங்கேயோ போக வேண்டும் என்று என் முன்னால் வந்து நிற்கிற நாளில், நான் பூக் கட்ட மாட்டேன், அத்தை. அவள் முகத்தைப் பார்த்து, "நீ இல்லாம எனக்கு இந்த ஊடே புடிக்காது. போயிட்டு வா கண்ணு" என்று வாயைத் திறந்து சொல்லுவேன். அழுகை வந்தால் புகை என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மூடிக் கம்பெனி மருமகள்,
வசந்தி