அக்கா எழுதாத படிவம்

மே 14, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் மூன்று முறை இருட்டியது, மூன்று முறையும் ஏமாற்றியது. 16ஆம் தேதி விடுமுறையில் வருவதால் பள்ளியில் இன்றே ஆசிரியர் தினம். நான் எழுதிய கவிதையை வாசித்தேன். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. முதல் வரிசை மட்டும் கைதட்டியது.

செய்ய வேண்டியவை: கணிதப் பயிற்சி 6. நூலகப் புத்தகம் இரண்டு, திருப்ப. அக்காவின் தலையணைக்கு வேறு உறை.

ரோஸ் அக்கா அலோர் ஸ்டாரிலிருந்து மாலை ரயிலில் வந்தாள். அங்கே விமானப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அப்பா சுங்கை பட்டாணி ஸ்டேஷனுக்குப் போய் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தார். வழியில் பீடோங் சந்தையில் நிறுத்தி நாலு பேரிடமாவது காட்டியிருப்பார்.

பக்கத்து வீட்டு மேரி அத்தை வேலியருகே நின்று, "பைலட்டு வந்திருச்சா?"

"இன்னும் பைலட்டு இல்லத்தே. பாதிதான்," என்றேன்.

"பாதின்னா? மேல ஏறத் தெரியும், கீழ எறங்கத் தெரியாதா?"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

சாயங்காலம் துணி மடிக்கும்போது சொன்னாள். நேற்று தனியாகப் பறந்தாளாம், பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல். இறங்கும்போது சக்கரம் ஓடுபாதையில் அடித்து, எகிறி, மறுபடியும் அடித்தது. நாக்கைக் கடித்து இரத்தம். நிறுத்திய பிறகு விமானத்தின் பதிவேட்டில் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

எழுதியிருக்கக் கூடாது. அப்படி இடித்தால், மெக்கானிக் சக்கரக் கால்களைப் பரிசோதிக்காமல் அந்த விமானம் மறுபடி கிளம்பக் கூடாது.

இன்று காலை அதே விமானத்தில் ஃபாரா பறந்திருக்கிறார். ஃபாரா அக்காவின் அறைத்தோழி. ஹரிராயா பெருநாளுக்கு அவர் வீட்டில்தான் ரெண்டாங் கறி சாப்பிட்டோம்.

"யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது ஜெசி. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

மே 15, வெள்ளி

வெள்ளியும் சனியும் கெடாவில் வார விடுமுறை. அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். அப்பா செம்பனைக் குலை ஏற்ற லாரியோடு போய்விட்டார். நானும் அக்காவும் நெத்திலி சம்பல் செய்தோம். கருகியது. சாப்பிட்டோம்.

அக்காவின் பைக்குள் ஒரு மடித்த தாள். பாதுகாப்பு அறிக்கைப் படிவம் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெயர் எழுத வேண்டாம். பள்ளியில் இல்லாதவர்கள்கூட எழுதலாம். யார் தவறு என்று கேட்க மாட்டார்கள், என்ன நடந்தது என்று மட்டும்தான் கேட்பார்கள். குற்றம் சாட்ட அல்ல, எல்லாரும் கற்றுக்கொள்ள. இப்படியும் ஒரு பள்ளியா! எங்கள் அறிவியல் கூடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தால் வகுப்பே வெயிலில் நிற்கிறது.

"எழுதிடுக்கா. பேரே கேக்கல பாரு."

"பேரு எதுக்கு? அந்த நேரத்துல அந்த ப்ளேன்ல நான் ஒருத்திதான இருந்தேன்?"

"ஆனா திட்ட மாட்டாங்கன்னு போட்டிருக்கே."

"திட்ட மாட்டாங்க. போன வருசம் ஒரு பையன் இதே மாதிரி எகிறினத எழுதினான். எங்க பள்ளி கேப்டன் திட்டவே இல்ல. 'நம்ம நண்பர் ஒருத்தர்'னு கிளாஸ்ல கதையா சொன்னாரு, அவ்வளவுதான். அன்னையிலேர்ந்து அவன் பேரு கங்காரு. கேன்டீன்ல அவன் தட்டத் தூக்கிட்டு வந்தா குதிச்சுக் காட்டுவானுங்க. நானும் சிரிச்சிருக்கேன்லா."

தாளில் அதற்கு எதுவும் எழுதவில்லை.

அக்கா குளிக்கப் போனபோது தாளைப் படமெடுத்துக்கொண்டேன். இணைய முகவரி முன்பக்கத்திலேயே இருந்தது.

மே 16, சனி

மழை, கடைசியில். கொடித் துணியெல்லாம் நனைந்தது.

மாலைப் பூசைக்கு முன் கோயிலில் பாவசங்கீர்த்தனம். அக்கா ரொம்ப நேரம் உள்ளே. வெளியே வந்தபோது முகம் கழுவினது போல இருந்தது. என் தோளைத் தட்டி, "சொல்லிட்டேன்," என்றாள்.

"கேப்டன்கிட்டயா? போன்லயா?"

"லூசு. பாதர்கிட்ட."

பூசை முழுக்க அதே யோசனை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பாதர் யாரிடமும் சொல்ல முடியாது. மன்னிப்பு கிடைத்திருக்கும், அதை நம்புகிறேன். ஆனால் அலோர் ஸ்டாரில் நிற்கும் சக்கரத்துக்கு அது தெரியாதே. இப்படி நினைப்பது பாவமா என்று தெரியவில்லை.

பூசை முடிந்ததும் அக்காவை ரயில் ஏற்ற ஸ்டேஷன். ரயில் வரும் முன் கேட்டேன்.

"நாளைக்கு ஃபாராக்கா பறக்குறாங்களா?"

"ரெண்டு மணிக்கு."

"அதே ப்ளேனா?"

"பாக்கலாம்லா ஜெசி. சும்மா நச்சரிக்காத."

பாக்கலாம்லா. அக்கா எதையெல்லாம் பாக்கலாம்லா என்று சொல்லிச் செய்யாமல் விட்டிருக்கிறாள்: நீச்சல் வகுப்பு. என் பிறந்தநாள் கேக். பெரியம்மாவுக்குக் கடிதம். பல் மருத்துவர்.

மே 17, ஞாயிறு

பள்ளி. வெயில். கணிதப் பயிற்சி 6 செய்யாததற்குச் சாரிடம் மன்னிப்பு.

காலையில் அக்காவுக்கு இரண்டு செய்தி அனுப்பினேன். பார்க்கவில்லை. பள்ளிக்குக் கைப்பேசி எடுத்துப் போக முடியாது.

ஓய்வு நேரத்தில் நூலகக் கணினியில் நானே படிவத்தை நிரப்பினேன். சத்தியத்தை மீறினேன். ஆங்கிலம் நன்றாக வந்தது. இலக்கணத்தை மூன்று முறை சரிபார்த்தேன். அக்காவின் பெயர் எழுதவில்லை. அக்கா பேச்சில் வந்த விமான எண், நாள், இரண்டு முறை இடித்தது, அதன் பிறகு யாரும் பரிசோதிக்கவில்லை என்பது. மு.ப. 10.20. நன்றி என்று திரையில் வந்தது. ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி, மீ கோரேங் நூடுல்ஸ் முழுவதையும் சாப்பிட்டேன்.

மாலை ஆறு மணிக்கு அக்கா அழைத்தாள். குரலே இல்லை.

இன்று பதினொன்றரைக்குத் தானாகவே கேப்டன் அறைக்குப் போயிருக்கிறாள். தானாகவே! எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டுக் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாராம். "இது வந்து ஒரு மணி நேரமாச்சு. தெரிஞ்சிருச்சுன்னு பயந்துதான வந்திருக்க?"

"இல்ல சார்னு எத்தன தடவ சொல்றது ஜெசி? நம்பல. பதிவேட்ல பொய்க் கையெழுத்து வேற. பறக்கக் கூடாதுன்னுட்டாரு."

"விசாரணையா?"

"அடுத்த ஞாயிறு. அப்பாவையும் கூட்டிட்டு வரணுமாம்."

அப்பா பின்னால் நின்று "ரோஸா? சாப்பிட்டாளான்னு கேளு" என்றார். கேட்டேன்.

மே 18, திங்கள்

தாளின் பின்பக்கம். நான் படமெடுக்காத பக்கம். அக்காவைப் புகைப்படம் அனுப்பச் சொன்னேன், ஏன் என்று அவள் கேட்கவில்லை. அங்கே இருக்கிறது: தானாக முன்வந்து சொல்பவருக்குத் தண்டனை இல்லை. வேறொருவர் வழியாக முதலில் தெரிய வந்தால் இது பொருந்தாது.

நான் எந்தப் புத்தகத்தையும் முன்னுரையிலிருந்து கடைசி அட்டை வரை படிப்பவள். எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்பவள்.

அந்த விமானத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டார்களாம், அக்கா சொன்னாள். முன்சக்கரக் காலில் முடி அளவு விரிசல். ஃபாரா அதில் வியாழனன்று மூன்று முறை இறங்கியிருக்கிறார். யாரும் சொல்லாமல் இருந்திருந்தால், நேற்று இரண்டு மணிக்குப் பறந்து நான்காவது முறை இறங்கியிருப்பார். இதை நினைத்தால், அனுப்பியது சரி. அக்காவை நினைத்தால், இல்லை. பேருந்தில் வரும்போது இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். வெயிலில் நடை.

கேப்டனுக்கு எழுத முயன்றேன். 'அக்காதான் என்னை அனுப்பச் சொன்னாள்.' பொய். அழித்தேன். 'அக்காவுக்குத் தெரியாமல் அனுப்பினேன்.' உண்மை. ஆனால் அது அவளுக்கு எதற்கு உதவும்? அழித்தேன்.

மே 20, புதன்

அம்மாவுக்குத் தலைவலி. மேகமூட்டம். வேதியியல் சோதனை: 71.

ஃபாரா அழைத்தார். அக்கா அறையை மாற்றிக்கொண்டாளாம், அவருடைய அழைப்பையும் எடுப்பதில்லை. விமானம் இடித்ததை ஓடுபாதைப் பக்கம் நின்று பார்த்தவர் ஃபாரா ஒருவர்தான், அதனால் எழுதிப் போட்டதும் அவர்தான் என்று அக்கா நினைக்கிறாள். "புக்கான் சாயா, டிக்," என்றார் ஃபாரா. நான் இல்லை, தங்கச்சி. இரண்டு முறை சொன்னார். அழுதார். அவர் பார்க்கவே இல்லையாம், குளியலறையில் இருந்தாராம்.

நான் "தாவ், காக்" என்றேன். தெரியும் அக்கா. எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

மே 21, வியாழன்

நாளை முதல் பள்ளி விடுமுறை. திருப்ப வேண்டிய புத்தகங்களைத் திருப்பினேன், தாமதம்.

அக்கா வந்தாள், இரண்டு பெரிய பைகளோடு. மேரி அத்தை எட்டிப் பார்த்து, "என்னா, வீட்டையே காலி பண்ணிட்டு வந்திட்டியா?" என்றார். "லீவுத்தே," என்றாள் அக்கா. அப்பா அக்காவின் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் வெள்ளைச் சட்டையையும். அவர் நினைப்பது, ஏதோ பெற்றோர் கூட்டம்.

பின்கட்டில் அக்கா காலணியிலிருந்து மண்ணைச் சுரண்டினாள்.

"ஃபாராகூட நான் எப்டி இருந்தேன் தெரியுமா? ஒரே போர்வை. அவ போயி இப்டிப் பண்ணுவான்னு..."

"ஃபாராக்கா இல்ல."

"ஒனக்கு எப்டித் தெரியும்?"

சொன்னேன். நூலகம், கணினி, எல்லாம். மன்னிச்சிடு என்று சொல்ல நினைத்திருந்தேன், அது மட்டும் வரவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கத்துவாள் என்று. சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"எத்தன மணிக்கு அனுப்பின?"

"பத்து இருபது."

கை நின்றது.

"பத்து மணிக்கே கேப்டன் ரூம் கதவு வரைக்கும் போயிட்டேன் ஜெசி. உள்ள யாரோ பேசிட்டு இருந்தாங்க. அப்புறம் வரலாம்னு திரும்பிட்டேன்லா."

மறுபடி சுரண்டத் தொடங்கினாள். நான் மற்றக் காலணியை எடுத்துச் சுரண்டினேன்.