பந்திக் கூடத்து மணப்பெண்

டிசம்பர் 3, புதன்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. ஈரச் சுடிதாரோடுதான் கண்ணாடிக் கடை வேலைக்கு.

சாயங்காலம் ஒத்திகை. பொங்கலுக்குப் பிறகு போடப்போகும் நாடகங்களைத் தனராஜ் சார் வாசித்தார். மறக்காமல் இருக்க:

ஜனவரி – மழைக் கல்யாணம். பாட்டு நாடகம். பெரிசு.
பிப்ரவரி – ஓசி பேப்பர். சிரிப்பு. டீக்கடையில் ஆறு பேர், ஒரே பேப்பர்.
மார்ச் – நண்டு ராஜா. பிள்ளைகளுக்கு. இதிலும் பாட்டு உண்டு. நண்டுக் கொடுக்கை யார் தைப்பது?
ஏப்ரல் – மூன்றாவது ஜன்னல். பாட்டு இல்லை, அழுகை உண்டு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

"சனம் வருமா சார்?"

"மழ விட்டா வரும். மழ விடலன்னா போக்கிடம் இல்லாம வரும்." சார் எப்போதும் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கவலைப்படக் கற்றுக்கொள்ளவே இல்லை.

எங்கள் அரங்கம் பழைய கல்யாண மண்டபம் ஒன்றின் மாடி. பந்தி போட்ட கூடம். கார் நிறுத்த இடமில்லை என்று இப்போது யாரும் கல்யாணத்துக்கு எடுப்பதில்லை, அதனால் எங்களுக்கு. எண்பது நாற்காலி. பின்சுவரில் வரிசையாகக் கை கழுவும் குழாய்கள், மேக்கப் கலைப்பது அங்கேதான். மழை பெய்தால் சுவரிலிருந்து சாம்பார் வாசனை வருகிறது. எனக்கு மட்டும்தான் வருகிறதாம்.

மழைக் கல்யாணத்தில் மணப்பெண் குமுதா. ஆற்றில் வெள்ளம், மாப்பிள்ளை வீட்டார் அக்கரையில், சமைத்த சாப்பாடு இக்கரையில். ஆறவிட மனசில்லாமல் குமுதா வழிப்போக்கர்களைக் கூப்பிட்டுப் பந்தியில் உட்கார வைக்கிறாள். அவள் பாட்டு:

அக்கரைக்குச் சொல்லுங்க
ஆறுது சோறுன்னு
இக்கரைக்கு யார் வந்தாலும்
அவுங்க என் உறவுன்னு

குமுதா: ரோஸ்லின். மாற்றாள்: நான். வழக்கம்போல.

டிசம்பர் 5, வெள்ளி

தூறல். கடையில் கூட்டமில்லை. மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்க்க வந்த பெரியவரிடம் "எழுத்து தெரியுதா?" என்று கேட்க வேண்டும். "அக்கரையில யாராச்சும் தெரியுறாங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் பாவம், கண்ணாடியோடு வாசல் பக்கம் திரும்பி நிதானமாகப் பார்த்துவிட்டு, "மழைல ஒன்னும் தெரியலம்மா" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

மாற்றாள் முறை ஏன் வந்தது என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்டார்கள். சார் சொன்னார்: ஒரு தடவை கதாநாயகனுக்கு நாடகத்தன்று காலையில் பிரான்ஸ் விசா வந்துவிட்டது. சாயங்காலம் சாரே தாளைப் பார்த்துப் படித்துக் காதலித்தார். சனம் சிரித்த சிரிப்பில் மாடி இடியாதது அதிசயம். அன்றிலிருந்து எந்த வேடமானாலும் இரண்டு பேர் பாடம் பண்ண வேண்டும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட இந்த ஊரில் யாருக்கு எப்போது விசாக் காகிதம் வரும் என்று யார் கண்டது?

மாற்றாட்களுக்குச் சுவரோரம் ஸ்டூல். வாய் மட்டும் அசைக்கலாம், சத்தம் வரக் கூடாது. நான் மூன்று வருஷமாக அசைக்கிறேன். ஒரு நாளும் மேடை ஏறியதில்லை. கேட்டதும் இல்லை.

ரோஸ்லின் பாடினால் குழாய்ப் பக்கம் நிற்பவர்கள்கூடத் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். உள்ளபடி சொன்னால், அதைக் கேட்கும்போது எனக்கு மேலே ஏற ஆசை வருவதில்லை. கேட்டு முடித்த பிறகுதான் வருகிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

அம்மாவுக்கு மூட்டு வலித் தைலம். பால்காரருக்குச் சொல்ல வேண்டும்: நாளை முதல் அரை லிட்டர் போதும்.

ரோஸ்லின் என்னை மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் வீட்டுக்காரர் சார்லஸ் பிரெஞ்சுக் குடிமகன், பாரிஸுக்கு வெளியே ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை. கல்யாணமான கையோடு போனவர், வருஷத்துக்கு ஒரு முறை வருகிறார். அவளுக்குக் காகிதம் இன்னும் வந்தபாடில்லை.

"நான் கேட்டுக் கேட்டு மாதாவுக்கே சலிச்சுப் போயிருக்கும்டி. நீ ஒன்னு ஏத்து. புது ஆளு கேட்டா காது குடுப்பாங்க."

மெழுகுவர்த்தி ஏற்றினேன். கண்ணை மூடினேன். ரோஸ்லினுக்கு விசா வரட்டும் என்றேன். உடனே, அவள் போய்விட்டால் குமுதா எனக்கு என்றும் தோன்றியது. தோன்றியதா, அதற்காகத்தான் வேண்டினேனா? வரவேண்டாம் என்று வேண்டினால் அவளுக்குத் துரோகம். வரட்டும் என்றால் என்னை நானே நம்ப முடியவில்லை. "யாருக்கு எது நல்லதோ" என்று மழுப்பிவிட்டு வெளியே வந்தேன். மாதாவுக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

வாசலில் ரோ. சுண்டல் வாங்கித் தந்தாள். காரம்.

டிசம்பர் 9, செவ்வாய்

நெரவி பஸ்ஸில் கடைக்கு. வயல் எல்லாம் தண்ணீர், வரப்பு தெரியவில்லை. பஸ் மிதந்து போவதுபோல இருந்தது. தூரத்தில் ஒரு வெள்ளைக் குடை. மாப்பிள்ளை வீட்டார் என்றே நினைத்தேன். கிட்டே வந்தால் கிராம நிர்வாக அலுவலகத்து ஆள், பயிர்ச் சேதம் பார்க்க வந்தவர். இருந்தாலும் அவர் பஸ்ஸில் ஏறியதும் எழுந்து இடம் கொடுத்தேன். பக்கத்து சீட்டு அம்மாள், "ஏன் பொண்ணு, சொந்தமா?" என்றாள். கிட்டத்தட்ட, என்றேன்.

மத்தியானம் கண் அசந்தேன் கடையில். எண்பது நாற்காலியிலும் இலை போட்டிருக்கிறது, நான் பரிமாறிக்கொண்டே பாடுகிறேன், குரல் வருகிறது. சத்தமாக, என் குரல். முதலாளி மேசையைத் தட்டினார்.

டிசம்பர் 11, வியாழன்

வெயில். பார்த்து எத்தனை நாளாயிற்று!

ரோஸ்லினுக்கு விசா வந்துவிட்டது.

கடைக்கே ஓடி வந்து, லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த என்னைத் தூக்காத குறை. இரண்டு பேரும் அழுதோம். நான் அழுதது நிஜம். பொங்கலுக்கு முன்னாலேயே போக சார்லஸ் டிக்கெட் போட்டுவிட்டாராம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு குமுதா பாட்டை முழுதாகப் பாடினேன். அம்மா வெளியிலிருந்து, "ஏண்டி, அந்தப் பொண்ணு போறாளேன்னு அழுவுறியா, பாடுறியா?" என்றாள்.

இரண்டும்தான் அம்மா.

டிசம்பர் 13, சனி

மறுபடி மேகம். இட்லிக்கு ஊறப்போட மறந்தேன்.

நான் கட்டிய கோட்டை எல்லாம் சரிந்தது. ஒத்திகையில் ரோ. எழுந்து நின்று சொன்னாள்: "டிக்கெட்ட ரெண்டு வாரம் தள்ளச் சொல்லியிருக்கேன் சார். குமுதாவ ஆடிட்டுத்தான் போவேன். அங்க போய் யாருக்குப் பாடப் போறேன், சூப்பர் மார்க்கெட்டுல டப்பா அடுக்கிக்கிட்டா?"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், எல்லோரையும்விடச் சத்தமாக. இரண்டே நாள்தான் மேடை. அவள் ஆடினால் எனக்கு மறுபடி ஸ்டூல்.

சார் மட்டும் தட்டவில்லை. "சார்லஸ் என்னம்மா சொல்றாரு?"

"கோவமாத்தான் இருக்காரு. நாடகமா நானான்னு கேக்குறாரு."

சார் என் பக்கம் திரும்பினார். "தேவகி, உன் அபிப்பிராயம்?"

"நான் என்ன சார் சொல்றது" என்றேன். என் வாயிலேயே போட வேண்டும்.

"நாளைக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போவுது. குமுதாவுக்கு ஒரு பேருதான் போடுவேன். ரெண்டு பேரும் பேசிக்கிட்டு வாங்க."

டிசம்பர் 14, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. குடை ஒரு கம்பி போச்சு.

பஸ்ஸில் வரும்போதே வசனம் தயார் செய்துவிட்டேன். "நீயே ஆடு ரோஸ்லின். எனக்கென்ன, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது. மூன்று வருஷமாக வேறென்ன பழகினேன்.

ரோ. முன்னாலேயே வந்து, சுடிதார்மேல் ஒத்திகைப் புடவையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. இரவெல்லாம் சார்லஸோடு போனில் சண்டையாம்.

"நீ சொல்லுடி. நீ எது சொன்னாலும் சரி. இவுங்க எல்லாம் நான் ஆடணும்ங்கிறாங்க. அவரு உடனே வான்னு சொல்றாரு. நீ ஒருத்திதான் இன்னும் வாயத் தொறக்கல."

"உனக்கு எது..."

"எனக்கு எதுன்னு எனக்குத் தெரியும். ஒனக்கு என்ன வேணும்?"

சிரிக்க வாயைத் திறந்தேன். நன்றாக வந்த வசனம் எங்கே போயிற்றோ.

"எனக்கு வேணும்" என்றேன். "குமுதா எனக்கு வேணும். நீ போ."

கூடத்துக்கே கேட்டுவிட்டது. அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதையும்தான் நினைத்தேன்.

அவள் முகம் செத்துவிட்டது. சிரிப்பாள், கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஒன்றும் நடக்கவில்லை.

"இத ஒரு வருஷம் முன்னாடி கேட்டிருந்தாகூட குடுத்திருப்பேனேடி" என்றாள். பிறகு புடவையை அவிழ்த்தாள். தருவாள் என்று கையை நீட்டினேன். தரவில்லை. அவளே எனக்குச் சுற்றிவிட்டாள். மடிப்பு மடிப்பாக விரலில் எடுத்து, கொசுவத்தை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். வலித்தது. அசையாமல் நின்றேன். அவள் தலைமுடியில் தேங்காய் எண்ணெயும் மழையும் மணத்தன. இனிமேல் பாரிஸில் அவளுக்கு யார் கொசுவம் பிடித்துவிடுவார்கள்?

சார் ஆர்மோனியத்தில் சுருதி பிடித்தார்.

"ஆரம்பிக்கலாமாம்மா?"

ரோஸ்லின் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் என்னைக் கேட்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.