கிணற்றடிக்கு லைட் இல்லை

றிஸ்லாவின் வாப்பாவுக்கு,

கோபத்திலும் விடக்கூடாது என்பதால் ஸலாம். வீங்கிய காலைக் காட்ட என் உம்மாவுடன் காரைதீவு முறிவு வைத்தியரிடம் போகிறேன். சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன். மீனைத் தேட வேண்டாம். பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதில் உங்கள் லைட்டைச் சொருகியதால் மீன் பழுதாகிப் பூனைக்குப் போய்விட்டது.

ஆள் அசைந்தால் தானாகப் பற்றி, அசையாவிட்டால் அணைகிற லைட்டாம். கட்டாரிலிருந்து கொண்டுவந்த ஆறையும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீடெல்லாம் சொருகிவிட்டீர்கள். இது என் வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித்தந்த வீடு. இங்கே ஓர் ஆணி அடிக்கவும் என்னைக் கேட்க வேண்டும். உம்மா ஸுஜூதில் நெற்றியை வைத்துக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இருட்டாகிவிடுகிறது. தொழுது முடித்ததும், “ஆருகா லைட்ட நூக்கிற?” என்று என்னைத்தான் ஏசுகிறா.

நேற்றுக் கேட்டதற்கு, “நீ விழுந்ததாலதானே லைட்டப் பூட்டின” என்றீர்கள். நான் விழுந்தது விடியுமுன் ஸுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழு எடுக்கப் போன கிணற்றடிப் படியில். அங்கே பிளக்கும் இல்லை, லைட்டும் இல்லை. நான் விழாத இடமெல்லாம் பகல்போல் இருக்கிறது.

ஐந்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். திறப்பு என்னிடம்தான்.

றாஹிலா

ஆறாவது உங்கள் தலைமாட்டில் இருக்கிறது, தொடாதீர்கள். அன்று கிணற்றடியில் கிடந்து உங்களைக் கூப்பிட்டேன். கேட்டதும் எழும்பிவிட்டதாகச் சொல்கிறீர்கள். இனி நான் கூப்பிடும்போது உங்கள் ஜன்னலில் வெளிச்சம் தெரியட்டும். அப்போது நம்புகிறேன்.