டிரம்ஸ் இல்லாத பாட்டு

என்னங்க,

நான் இங்க சௌக்கியமாத்தான் இருக்கேன். உங்க முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சா? அத்தையைக் கேட்டதா சொல்லுங்க.

பயப்பட ஒண்ணுமில்ல, சும்மா ஒரு சங்கதி. எங்க முதியோர் இல்லத்துல நான் கவனிச்சுக்கிற பெரியவர் ஒருத்தர், இளவயசுல பேர்போன ராக் பேண்ட்ல டிரம்ஸ் வாசிச்சவர். அவங்க போட்ட ஆட்டப் பாட்டெல்லாம் ஊர் மறந்துடுச்சு. ஒரு சினிமாவுக்காகப் பாடின காதல் பாட்டு மட்டும் இன்னைக்கும் கடை, லிஃப்ட், கல்யாண வீடுன்னு ஓடிக்கிட்டே இருக்கு. அவரைப் பார்க்க வர்றவங்களும் அதைத்தான் பேசுவாங்க.

நேத்து ஹால்ல அந்தப் பாட்டைப் போட்டோம். எல்லாரும் கூடவே பாடுறாங்க, இவர் மட்டும் கையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நான் சும்மா இருக்கக்கூடாதா? "நீங்களும் தட்டுங்க ஐயா"ன்னு ஒரு கரண்டியை நீட்டி மாட்டிக்கிட்டேன்.

"இதுல டிரம்ஸே கிடையாதும்மா. மத்தவங்க பதிவு பண்ணும்போது நான் வெளியில உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன்"னார்.

அவர் கால்மேல கிடந்த போர்வையை இழுத்துவிட்டுட்டு வந்துட்டேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தா பாப்பாவுக்குப் போர்த்துற என் பழைய சால்வையைக் கொடுத்தனுப்புங்க. துவைக்க வேண்டாம்.

டூட்டி மணி அடிச்சாச்சு, ஒண்ணே ஒண்ணு. நான் போன்ல பாடினா பாப்பா இப்பல்லாம் முகத்தைத் திருப்பிக்கிறா, நீங்க பாடினாத்தான் தூங்குறான்னு சொன்னீங்களே, நல்லதுதான். பாடும்போது போனை மட்டும் பக்கத்துல வைங்க. நான் பேசமாட்டேன். வெளியில உட்கார்ந்து கேட்டுக்கிறேன்.