பெரியப்பா குடித்த தண்ணீர்

வெஸ்ட் ஹார்மன், ஒஹாயோ
9 ஆகஸ்ட் 1998

சிரஞ்சீவி ஆதர்ஷுக்கு ஆசீர்வாதம். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. சான் ஹோசேயில் நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவும் சௌக்கியம் என்று வழக்கம்போல் எழுத இயலவில்லை, ஏனெனில் அவள் இங்கு இல்லை. உன் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு முறுக்கு சுற்ற, செவ்வாய்க்கிழமையே நியூ ஜெர்சியில் பார்சிப்பனிக்குப் போய்விட்டாள். கூடப் பொறந்தவர் விசேஷத்துக்கு வராம, முகம் குடுத்துப் பேசாத இந்த ஊர்க்காராளோட உக்காந்துண்டு என்ன சாதிக்கப் போறேள் என்று புறப்படும்போது கேட்டாள். நான் பெட்டியைக் காரில் ஏற்றினேன். அவள் வைத்துவிட்டுப் போன சாம்பார் தீர்ந்தபின் ரொட்டியும் தயிரும்தான். நான் வேலைபார்க்கும் கல்லூரி இன்னும் திறக்கவில்லை, ஆகையால் வாயைத் திறக்கவே அவசியமில்லாமல் நாட்கள் கழிகின்றன.

பிள்ளையில்லாத பெரியப்பாவுக்கு நீ பிள்ளை ஸ்தானத்தில் நின்று, முதல் கலசத்து நீரை அவர் தலையில் ஊற்ற ஒப்புக்கொண்டதாகத் தொலைபேசியில் சொன்னாய். நான் மறுத்ததும், அப்பா, டிக்கெட் புக் பண்ணிட்டேன், இட்ஸ் ஜஸ்ட் எ ஃபங்ஷன் என்றாய். அப்போது காரணம் சொல்லாமல் வைத்துவிட்டேன். பேசியிருந்தால் கத்தியிருப்பேன், எழுதினால் கத்த முடியாது. தமிழ் வாசிக்க உனக்கு நேரமெடுக்கும், எடுத்துக்கொள்.

இந்த ஊரின் முலாம் பூசும் தொழிற்சாலைக்கு உன் பெரியப்பா மேலாளராக இருந்ததும், கழிவைப் பின்புறக் குழியில் விட்டதும், ஊரின் கிழக்குப் பக்கத்து வீடுகளின் கிணறுகள் கெட்டதும் நீ அறிந்தவை. தண்ணீரில் நெடி வருகிறதென்று ஜனங்கள் சர்ச் ஹாலில் கூடியபோது, இதோ அந்தக் கிணற்றுத் தண்ணீர், பாருங்கள் என்று எல்லார் எதிரிலும் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினாரே, அன்று பத்து வயதில் நீ முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாய். மது குடிக்காதவர், மாமிசம் தொடாதவர், பொய் சொல்லமாட்டார் என்று ஊர் நம்பியது, நானும் நம்பினேன். பிறகு அரசாங்கச் சோதனையில் விஷம் தெரியவந்து, தொழிற்சாலை மூடி, பாதி ஊருக்கு வேலை போய், அவர் நியூ ஜெர்சிக்கு மாறிய பின்னும், நாம் இங்கேயே தங்கியது ஏன் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். என் அண்ணா அறியாமல் செய்தார் என்பதற்கு நான் இங்கிருப்பதே சாட்சி என்று நினைத்தேன். உன் தாத்தாவின் பெயரை இருவருமே கடைசிப் பெயராகச் சுமப்பதால், தபால் ஆபீஸில் என் பெயரைக் கேட்கும் ஒவ்வொருவரும் ஒரு கணம் நிறுத்திவிட்டே மேலே பேசுகிறார்கள். எதிர்வீட்டு மிஸஸ் க்ரூகரின் கணவர் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்ளப் போய்வருகிறார். ஒருநாள் நான் வணக்கம் சொன்னதற்கு, உங்கள் அண்ணன் அதைக் குடித்தாரே, அவர் நன்றாக இருக்கிறாரா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றேன்.

போன மாதம் உன் பெரியம்மா, விசாலாக்ஷி மன்னி, கல்யாணத்துக்கு அழைக்கத் தொலைபேசியில் பேசினாள். பழைய நாட்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே வந்தவள், சர்ச்சுல எல்லாரும் வாயப் பொளந்துண்டு பாத்தாளே, அது நம்மாத்துக் குழாய்த் தண்ணி, காலம்பற நான்தான் ஜாடில ரொப்பிக் குடுத்தேன், அந்தக் கெணத்துத் தண்ணிய மனுஷன் குடிப்பானான்னு இவர் அன்னிக்கே சொன்னார் என்றாள். அண்ணாவைக் கூப்பிடச் சொன்னேன். மன்னி சொல்வது நிஜமா என்றதற்கு, பழங்கதைடா சுப்புணி, நீதான் அந்த ஊரக் கட்டிண்டு அழுதுண்டிருக்க, வித்துட்டு இங்க வந்துடு, எடிசன்ல நல்ல இட்லி கெடைக்கறது என்றார். மறுக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. அவருடைய குரலில் ஒரு சிறு தடுமாற்றம் கேட்டிருந்தால், இந்தக் கடிதத்தை நான் எழுதாமல் விட்டிருக்கக்கூடும்.

மூன்று நாட்களுக்கு முன் தெருவைக் கடந்துபோய் மிஸஸ் க்ரூகரிடம் சொன்னேன். உள்ளே வரச் சொல்லவில்லை. வலைக்கதவுக்கு அப்பால் நின்றே முழுவதும் கேட்டாள். கிழக்குப் பக்கத்தாரின் வழக்கு இன்னும் முடியவில்லை, நிர்வாகத்துக்குத் தெரியாது என்பதே கம்பெனியின் வாதம். இதை வக்கீலிடம் சொல்வீர்களா என்றாள். சொல்வேன் என்றேன். நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. வக்கீல் குறித்த நாள் வெள்ளிக்கிழமை, இருபத்தெட்டு. முகூர்த்தமும் அன்றுதான். அதற்காக மாற்றிக் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னபின் அவள் திரும்பி வருவாளா என்பதை நான் அறியேன்.

நீ இருபத்தேழு வயது ஆண்மகன். போகாதே என்று உத்தரவிடமாட்டேன். அவர் உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், உன் கல்லூரி விழாவுக்கு எனக்கு முன்னால் வந்து நின்றவர், அவை பொய்யல்ல. ஆனால் தெரியாமல் செய்தேன் என்று பின்னால் நீ சொல்லிக்கொள்ளும் வசதியை மட்டும் நான் உனக்கு விட்டுவைக்கப் போவதில்லை.

தீர்க்காயுசாக, நல்ல பெயருடன் இரு. காரின் பின் டயர்கள் தேய்ந்திருப்பதாகச் சொன்னாயே, தள்ளிப்போடாமல் மாற்று. டேடன் விமான நிலையத்திலிருந்து இங்கு வரப் பேருந்து கிடையாது. இருபத்தேழாம் தேதி வியாழக்கிழமை நான் யாரையாவது அழைத்துவர வேண்டியிருந்தால், புதனுக்குள் தெரிவி. தெரிவிக்காவிட்டால் வக்கீலிடம் தனியே போய்க்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராமசுப்ரமணியன்